மிஷினுக்காகப் படித்த எழுத்து

பெட்டியைப் பிரித்த அன்று பாய் இருந்தார். கட்டிங் மாஸ்டர் இருந்தார். நூல் வெட்டுகிற என் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். மிஷினை விற்றவர் நெருளிலிருந்து வந்திருந்தார். நான் இருந்தேன்.

பாய் எங்கள் முதலாளி. திருநெல்வேலிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். தாராவியில் தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் அவர் பட்டறை. பள்ளிக்கூடச் சட்டைப் பையில் ஒட்டும் பேட்ஜ் தைக்கிறோம். கட்டிங் மாஸ்டர் உ.பி.க்காரர். தமிழ் புரியும், பேச வராது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். வாய் அவளுக்கு. வேலை எனக்கு.

நான் ஏழாவது வரை படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக மிஷினில் இருக்கிறேன். துணியை வளையத்தில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தித் தைக்கும் மிஷின். மராத்தி எழுத்து தைத்திருக்கிறேன். இங்கிலீஷ், குஜராத்தி, உருது எல்லாம் தைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் படிக்கத் தெரியாது. தமிழ் படிப்பேன், எழுத்துக் கூட்டி.

போன வருஷம் வலது மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் வளையம் பிடிக்காதே என்றார். பாயிடம் சொன்னேன். அவர் ஒரு வாரம் அங்கே இங்கே விசாரித்தார். பிறகு கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். ஜப்பானில் ஓடிய பழைய மிஷின். தானே தைக்கும். நூல் மாட்டி, பட்டன் அழுத்தினால் போதும்.

அது ஓடினால் எனக்கு வேலை உண்டு. ஓடாவிட்டால் நூல் வெட்ட உட்காரலாம் என்று நினைத்துப் பார்த்தேன். கத்தரியும் அதே கைதான். வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து.

"லேங்குவேஜ் மாத்திக்கலாம் பாய், சிம்பிள்" என்றார் விற்றவர். அழுத்தினார். திரும்ப அழுத்தினார். கால் மணி நேரம் அழுத்தினார். அதில் வேறு பாஷையே இல்லை.

"ஜப்பான்காரனுக்கு எதுக்கு பாய் இங்கிலீஷ்?" என்று சிரித்தார்.

பாய் சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள் பாப்பேன். சரியா ஓடலன்னா நீங்களே டெம்போ கொண்டாந்து தூக்கிட்டுப் போகணும்."

"பேசினதுதானே பாய்."

அவர் எந்த பட்டனில் ஓடும் என்று காட்டினார். ஓட்டினார். எட்டு நிமிஷத்தில் ஒரு பேட்ஜ். நான் பக்கத்தில் நின்றேன். மிஷின் ஓடும்போது என் கை சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

அவர் படி இறங்கினார். மிஷின் நின்றது. பீப் பீப் என்று கத்தியது. திரையில் ஒரு வரி வந்தது.

போனைக் காட்டிப் படிக்கவைக்கலாம் என்றார் பாய். காட்டினோம். பழைய திரை, போனில் கோடு கோடாக ஓடியது. ஒரே ஒரு தடவை பிடித்தது. 'வானத்து நூல்' என்று போட்டது.

"வானத்துல ஏதுட்டி நூலு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பட்டம் விடுத மிஷினா இது?"

மெக்கானிக் மூன்றாம் நாள் வந்தார். ஒரு நிமிஷத்தில் ஏதோ செய்தார், போய்விட்டார். அரை மணி நேரம் ஓடியது. மறுபடி நின்றது.

"ஒரு தடவ நிக்கிறதுக்கு ரெண்டு நாள்னா, இந்த பேட்ஜ் அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்குத்தான் ஆகும்" என்றார் பாய்.

"நான் படிக்கேன்" என்றேன்.

"எதக்கா?"

"ஜப்பான."

கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"ரேஷன் கார்டுல பேரு சரியா இருக்கான்னு பாக்க என் மவனக் கூப்பிடுதா. இவ ஜப்பான் படிக்காளாம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் சொன்னது உண்மை.

எங்கள் சந்தில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். டிரம் நிறையும் வரை சும்மா நிற்கிற நேரம் அது. போனில் தேடினேன். ஒரு பெண் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். முகம் காட்டவில்லை. கை மட்டும் தெரிந்தது. வெள்ளைத் தாளில் மெதுவாக எழுதினாள். போனை டிரம் மூடிமேல் சாய்த்து வைத்தேன். ஒரு டிரம்முக்கு ஒரு வரிசை.

பேனா பிடித்தால் மணிக்கட்டு வலித்தது. ஈரக் கல்லில் இடது கை விரலால் எழுதினேன். காய்ந்ததும் போய்விடும். மறுபடி எழுதுவேன். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எழுத்து எனக்குப் பழகின சாமான். ஊசி எங்கே இறங்குகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே எழும்புகிறது என்று பார்ப்பேன். அந்தப் பெண்ணின் கை போன வழியும் அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் வழி தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. இப்போது சத்தமும் சேர்ந்தது. அவ்வளவுதான்.

ஆறு காலையில் நாற்பத்தாறு எழுத்து முடித்தேன். வளைந்து வளைந்து அழகாக இருக்கும். தைக்கவும் வசதியான எழுத்து. ஒன்பதாம் நாள் பட்டறைக்குப் போய் மிஷினைத் தட்டி, திரையைப் பார்த்தேன்.

என் எழுத்தைக் காணோம். அங்கே ஒன்று இங்கே ஒன்று இருந்தது. மீதி எல்லாம் வேறு. குச்சி குச்சியாக, முறித்துப் போட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணின் முதல் வீடியோவைத் திரும்பப் போட்டேன். முதலிலேயே சொல்லியிருக்கிறாள். ஜப்பானில் மூன்று வகை எழுத்து. ஒன்று வளைந்தது. ஒன்று முறிந்தது, வெளிநாட்டுச் சொல்லுக்கும் சாமான் பெயருக்கும் அதுதான். இன்னொன்று படம் மாதிரி. அவள் அதைச் சொன்னபோது குழாயில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டது. நான் எழுந்து போயிருந்தேன்.

மறுநாள் பட்டறையில் சொன்னேன்.

"அடுத்த வீட்டுச் சாவியத் தூக்கிட்டு வந்திருக்கட்டி" என்றாள் அவள்.

பாய் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மறுபடி நாற்பத்தாறு. இந்தத் தடவை தண்ணீர் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. சோறு தாமதமானது. வீட்டுக்காரர் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்க்கிறார். "நான் அங்கயே தின்னுக்கிடுதேன், நீ படி" என்றார். அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை. இந்த எழுத்தில் ஒன்றுபோல் இரண்டு, மூன்று இருக்கும். கோடு மேலிருந்து இறங்கினால் ஒன்று, கீழிருந்து ஏறினால் இன்னொன்று. வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் அழுதிருந்தார்கள். எனக்கு அது சிரமமாக இல்லை. நூல் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

பதின்மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரம். மிஷின் முன்னால் நின்று ஒரு பட்டனைப் படித்தேன். அர்த்தம் தெரியாது. சத்தம் மட்டும்தான். நடுவில் படுக்கைக் கோடு வந்தால் முந்தின சத்தத்தை இழுக்க வேண்டும்.

"சு... டா... இழுக்கணும்... டோ."

இன்னொரு தடவை, சேர்த்துப் படித்தேன். "சுடா...டோ."

"அரே, ஸ்டார்ட்!" என்று கட்டிங் மாஸ்டர் கத்தினார். "ஸ்டார்ட் போல் ரஹா ஹை!"

ஆமாம், ஸ்டார்ட். ஜப்பான்காரனும் நம்மைப் போல இங்கிலீஷ் சொல்லைக் காதால் வாங்கி, தன் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறான். பாய் ரொட்டியைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தார்.

"அடுத்தது படிங்கக்கா."

"ஃபு... ரே... இழுக்கணும்... மு."

மாஸ்டர் யோசித்தார். அவருக்குப் பிடிபடவில்லை.

"பிரேமுட்டி!" பக்கத்து வீட்டுக்காரி துணி மாட்டும் பிரேமைத் தட்டினாள். "இதாம்ட்டி. பிரேமு!"

"ஃப்ரேம் மே 'மு' கஹான் ஸே ஆயா?" என்று கேட்டார் மாஸ்டர். அந்த 'மு' எங்கிருந்து வந்ததாம்.

"எங்க ஊர்ல இருந்துதான். பஸ்ஸு, பல்பு, பிரேமு. ஒங்க ஊர்லதான் கடைசி எழுத்த முழுங்கிருதீங்க."

பாய் சத்தமாகச் சிரித்தார். மிஷின் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. நான் படித்தேன், அவர்கள் சொன்னார்கள். "சா-இ-ஸு." சைஸு, பாய் சொன்னார். "போ-பி-ன்." பாபின் என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். "ரி-செ-ட்டோ" ரிசெட் என்று மாஸ்டர் பிடித்தார். எங்களில் ஒருவருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் மிஷினோடு வந்த இங்கிலீஷ் எல்லார் காதிலும் இருந்தது. ஒரு சொல் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. இன்றுவரை அந்த பட்டனை நாங்கள் தொடுவதில்லை. மற்றதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மாஸ்டர் பக்கத்தில் இந்தியில் எழுதிக்கொண்டார்.

ஆனால் நின்றால் வரும் வரி இன்னும் பாக்கி. அதுதான் முக்கியம். அது படம் மாதிரி எழுத்து. அந்த வகையில் இரண்டாயிரம் இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். எனக்கு இரண்டு நாள் இருந்தது.

மெக்கானிக் வந்து ஓட்டிவிட்டுப் போன பிறகு மறுபடி நின்றபோதெல்லாம், வந்ததைப் பார்த்து இடது கையால் வரைந்து வைத்திருந்தேன். பெரும்பாலும் இரண்டே வரிதான் மாறி மாறி வந்தது. இரண்டிலும் இரண்டாவது படம் ஒன்றுதான். முதல் படம்தான் வேறு. ஒன்றில் தரையில் கோடு போட்டு அதன்மேல் கம்பு நட்ட மாதிரி. இன்னொன்றில் கோட்டுக்குக் கீழே கம்பு தொங்குகிற மாதிரி.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். மேலே நிற்கிறது, கீழே தொங்குகிறது. தையல் மிஷினில் மேலே ஒன்று, கீழே ஒன்று இருப்பது என்ன?

யாரையும் கேட்கவில்லை. மிஷினை ஓட்டினேன். ஓடும்போதே மேல் நூலைக் கத்தரியால் வெட்டினேன்.

"ஏட்டி!" என்று அலறினாள் பக்கத்து வீட்டுக்காரி.

மிஷின் நின்றது. மேலே நிற்கிற கம்பு வந்தது.

நூலைக் கோத்து மறுபடி ஓட்டினேன். நிறுத்தி, கீழே நூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றி, காலி பாபினை மாட்டி ஓட்டினேன். தொங்குகிற கம்பு வந்தது.

மேல் நூல், கீழ் நூல். போன் சொன்ன வானம் அந்த மேல்தான். வரியின் கடைசியில் இருந்த எழுத்து வளைந்த வகை. அதைப் பார்த்ததும் வாய் தானாக 'ரே' என்றது. அந்த ஆறு நாளும் முழுக்க வீண் இல்லை. படம் மாதிரி எழுத்து இப்போது முப்பத்தொன்று தெரியும். அன்று தெரிந்தது மூன்று. மேல், கீழ், நூல்.

பதினைந்தாம் நாள் பத்து மணிக்கு விற்றவர் வந்தார். தெருவில் டெம்போ. சுமக்க இரண்டு ஆள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பேட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பிரேமுக்கு மூன்று.

"ஓடுதே பாய்" என்றார்.

"நிக்கட்டும், பொறுங்க" என்றார் பாய்.

நின்றது. பீப் பீப். விற்றவர் போனை எடுத்தார், மெக்கானிக்கைக் கூப்பிட. நான் திரையைப் பார்த்தேன். தொங்குகிற கம்பு. பாபினை மாற்றினேன். ரிசெட். ஸ்டார்ட். ஓடியது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "இவங்க யாரு பாய், புது மெக்கானிக்கா?"

"நம்ம அக்கா. ஜப்பான் படிச்சவங்க."

"எங்க படிச்சீங்க?"

"குழாயடில" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நெருள்ல இதே மாதிரி ரெண்டு மிஷின் சும்மா கெடக்கு. வந்து பாக்கீங்களா?"

"ஞாயித்துக்கெழம" என்றேன்.

மிஷின் வந்த பெட்டியின் பலகைகளைப் பாய் பரணில் போட்டு வைத்திருந்தார், திருப்பி அனுப்பினால் வேண்டும் என்று. அந்த இரண்டு ஆளிடம் அவற்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர்கள் பலகையோடு படி இறங்கினார்கள். நான் நூல் கோத்தேன்.

பிறகும் நின்றது. எத்தனை தடவை என்று பார்க்கவில்லை. ஒரு தடவை மாஸ்டரே போய்த் திரையைப் பார்த்து, "மேலே" என்றார். தமிழில் சொன்னார்.

விளக்குப் போட்டதும் மணிக்கட்டைப் பார்த்தேன். காலையில் இருந்த மாதிரியே இருந்தது. இரண்டு பேட்ஜ் வீணாகியிருந்தது. மீதியைப் பக்கத்து வீட்டுக்காரி நூல் வெட்டி அடுக்கினாள். அவள் ஒரு தடவை எண்ணினாள். நான் ஒரு தடவை எண்ணினேன்.

எழுபத்து மூன்று.