விழுந்து காட்டுகிற மனிதர்

துணிக்கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கென்று ஒரு கவுண்டர் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவள் நான். "ஒரு தடவைகூடப் போடலைங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டையை நீட்டுவார்கள். நான் அக்குள் பக்கத்தைத் திருப்பி முகர்ந்து பார்ப்பேன். காலர் மடிப்பில் பவுடர் இருக்கிறதா என்று விரலால் தேய்ப்பேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். யார் எதைச் சொன்னாலும் சட்டென்று நம்பிவிடாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வை என்றால் எப்படி முடியும்?

என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. டயர் கடையில் வேலை. லாரிச் சக்கரத்து நட்டு துருப்பிடித்து இறுகிப்போனால் மற்றவர்கள் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பார்கள். இவர் நின்ற இடத்திலிருந்தே ஒரு அழுத்து அழுத்தித் திருப்பிவிடுவார். அவ்வளவு பலம் இருந்தும் சண்டை என்றால் ஆகாது. பேருந்தில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். இவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. டயர் கடையில் இருந்துகொண்டு அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஐகிடோ வகுப்பில் சேர்ந்தார். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹால். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் வேலை முடிந்ததும் வந்து சொல்லிக்கொடுப்பார். அங்கே அவர்தான் மாஸ்டர். எதிராளியின் வேகத்தை வைத்தே அவனைச் சாய்க்கிற கலை, அடிதடியே கிடையாது என்று இவர் வீட்டில் வந்து விளக்கினார். அடிதடி இல்லாத சண்டை என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருநாள் நேரிலேயே போய்ப் பார்த்தேன்.

மாஸ்டர் ஒல்லியான ஆள். இவர் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மாஸ்டர் இடுப்பைக் கொஞ்சம் திருப்பினார், கையை லேசாக வளைத்தார். அவ்வளவுதான். இவர் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் விரிப்பைப் பட்டென்று தட்டி விழுந்து, விழுந்த சுருக்கில் எழுந்து, சிரித்த முகமாகக் குனிந்து வணங்கினார். புதிதாகச் சேர வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி நட்டுக்கே மசியாத கை மாஸ்டர் தொட்டதும் மசிந்துவிட்டதாம்! யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

"விழுந்து காட்டறீங்களா?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"காட்டறதெல்லாம் இல்ல. அவரு போடறாரு, நான் விழறேன்."

"விழலன்னா?"

"கை போயிடும்."

"யாருக்காவது போயிருக்கா?"

"விழுந்துடறோமே, அப்புறம் எப்படிப் போகும்?"

சலவை செய்து கொண்டுவந்த சட்டையைப் புதுசு என்று சத்தியம் பண்ணுகிறவர்களிடம்கூட இதைவிடக் கொஞ்சம் நல்ல பதிலாக இருக்கும். "அதோட, எந்தத் திருடன் வந்து மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப்போறான்?" என்றும் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஹாலில் அவருக்கு 'பஞ்சு' என்று பெயர். அவ்வளவு மெத்தென்று விழுவாராம். கண்காட்சி, பள்ளிக்கூட விழா என்று எங்கே செய்து காட்டப் போனாலும் மாஸ்டர் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார். போனால் போகிறது, சீட்டாடப் போகாமல் இதற்குப் போகிறாரே என்று நானும் விட்டுவிட்டேன். வினை என்னவென்றால், எங்கள் பாப்பாவும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே அப்பா பின்னால் ஹாலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். வளர்ந்தாள், கறுப்புப் பட்டை வாங்கினாள். அவள் போட்டு விழுந்தது முக்கால்வாசி நேரம் அவளுடைய அப்பாதான்.

படிப்பு முடிந்து அவளுக்கு வேறு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நோயாளிகளின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். கையில் ஒரு பெட்டி, காகிதத்தில் ஒரு முகவரி. கூட யாரும் வரமாட்டார்கள். கதவைத் திறப்பவர் யார், உள்ளே எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. மணிக்கட்டை யார் பிடிப்பார்கள் என்று நான் கிண்டலாகக் கேட்டதற்கு அப்போதுதான் எனக்கே பதில் தெரிந்தது. அந்த மாதிரி வீட்டில் முதலில் பிடிப்பதே அதைத்தானே?

"அம்மா, எனக்குத்தான் ஐகிடோ தெரியுமே" என்றாள் பாப்பா. துளிப் பயம் இல்லை அவள் முகத்தில். எனக்குப் பயம் வந்ததே அதைப் பார்த்துத்தான்.

அவள் அந்தப் பக்கம் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு கேள்வி. மழுப்பாம சொல்லணும். அவ போட்டு விழறீங்களே, அவ பலத்துல விழறீங்களா, பொண்ணாச்சேன்னு விழறீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அன்று மாலை மாஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "பயிற்சி வேற, தெரு வேற" என்றாராம் மாஸ்டர். பிடிகொடுக்காமல் பேச அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

அதற்கடுத்த விடுமுறை நாளில் பாப்பா முன்னறையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை உருவிக்கிட்டுப் போ பாப்பா."

அவள் சிரித்துக்கொண்டே இடுப்பைத் திருப்பினாள், கையை வளைத்தாள், ஹாலில் செய்கிற அதே அழகோடு. இவர் அசையவில்லை. சிரிப்பு போகாமலே இன்னொரு விதமாகத் திருப்பினாள். அதற்கும் அசையவில்லை. மூன்றாவது தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது கலையும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் இழுப்பு.

"அப்பா, வலிக்குது!"

உடனே விட்டுவிட்டார். அவள் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"இத்தனை வருஷமும் நீங்களாவே விழுந்தீங்களாப்பா?"

"எது நானா விழுந்தது, எது நீ போட்டதுன்னு எனக்கே தெரியலம்மா" என்றார். பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்ததுதான் சரி என்று ஆகிவிட்டது. அன்றைக்குப்போல நான் என்னையே வெறுத்ததில்லை. சந்தோஷமாக இருந்த பிள்ளையின் கையிலிருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வேலையாவது மண்ணாவது என்று அவள் பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்.

மத்தியானம் கதவு திறந்தது. கண்கள் வீங்கியிருந்தன. "பிடிங்கப்பா. விழாதீங்க" என்று கையை நீட்டினாள்.

பிடித்தார். அவளால் உருவ முடியவில்லை. மறுபடியும் பிடித்தார். இவருக்குத் திடீரென்று ஏதோ தோன்றியது. "மூஞ்சிக்கு நேரா கை வீசிட்டுத் திருப்பணும்னு மாஸ்டர் சொல்வாருல்ல?"

"அது சும்மா ஒரு இதுக்குப்பா. யாரும் அடிக்க மாட்டாங்க. மரியாதைக்குக் கையைக் காட்டிட்டு விட்டுடுவோம்."

"காட்டாத. அடி."

வீசினாள். அவர் மூக்குக்குப் பக்கத்தில் வந்து கை தானாக நின்றுவிட்டது. திரும்ப வீசினாள், திரும்ப நின்றது. "என்னால முடியலப்பா. நீங்க அப்பா." அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அடிடி!" என்று நானும் கத்தினேன். புருஷனை அடி என்று பெற்ற மகளிடம் கத்துகிற மனைவி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது இவர் ஒரு காரியம் செய்தார். பிடியை இறுக்கினார். ஒன்றுமே பேசாமல் அவளை உள்ளறைப் பக்கமாக இழுக்கத் தொடங்கினார். அவள் கால் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகமாகவே இல்லை. என்னையும் அறியாமல், "ஐயோ, விடுங்க அவளை!" என்று அலறினேன். அவர் விடவில்லை.

பளாரென்று ஒரு சத்தம். கண்மூடித் திறப்பதற்குள் அவள் இடுப்பு திரும்பியது, அவர் கை முறுக்கிக்கொண்டது, ஆள் செருப்பு ஸ்டாண்டின் மேல் போய் மூட்டையாக விழுந்தார். சுற்றலும் இல்லை, தரையைத் தட்டலும் இல்லை. பின்புறம் தரையில் மோதியது, தலை சுவரில் இடித்தது, ஸ்டாண்டின் ஒரு கால் முறிந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத, இங்கே எழுதவும் முடியாத வார்த்தை. எந்தச் சட்டையை எப்படி முகர்ந்தாலும் எனக்கு அவ்வளவு நிச்சயம் கிடைத்ததில்லை. இது விழுந்து காட்டியது இல்லை.

"அப்பா!" என்று பாப்பா அவரைத் தூக்கக் குனிந்து ஓடினாள்.

உதட்டிலிருந்து ரத்தம் வழிய, அவர் கையை ஓங்கித் தடுத்தார். "குனியாத! கிட்ட வராத! கதவு அங்க இருக்கு பாரு, ஓடு!"

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடினாள். படிக்கட்டில் அவள் காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கி, கீழ் வாசலைத் தாண்டி, தெருவோடு போவது வரைக்கும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"போயிட்டா" என்றார், வீங்கிய வாயோடு. அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. துணி நனைத்து அவர் உதட்டில் வைத்துப் பிடிக்கக் கொடுத்தேன். அவள் திரும்பி வருவதற்குள் வெளியே எடுத்துவைத்த துணிகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் திரும்ப அடுக்கினேன்.