ஜன்னலில் சும்மா நிற்பது

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் ஜோஸ்பினின் ஆய்வுத் தலைப்பு, ஆங்கில நாவல்களில் ஜன்னல் வழியே பார்ப்பது. அந்த நாவல்களில் பெண்கள் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பார்கள், பக்கம் பக்கமாக யோசிப்பார்கள். தெருவில் போகிற யாரும் நிமிர்ந்து பார்த்து எதுவும் கேட்பதில்லை.

ஜோஸ்பின் குடியிருக்கும் பேகம்பூரில் அப்படி நிற்க முடியாது. ஜன்னலில் ஒரு பெண் நின்றால் யாரையோ எதிர்பார்க்கிறாள் என்று அர்த்தம். இனி சேர்ந்து வாழ முடியாது என்று சொல்லிவிட்டுக் கணவர் கிளெமென்ட் போன நாளிலிருந்து ஜோஸ்பின் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை. அவருக்கு வெளியூரில் வேலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னல்களைப் பற்றி எழுதினாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் சைதூன் பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன டீச்சர், சார் வாராகளா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஜோஸ்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லக்கா. அவரு இனிமே வர மாட்டாரு. நான் சும்மா பாக்குறேன்.”

சைதூனின் கை நின்றது.

“சும்மாவா? பாக்குறதுக்கு இந்தத் தெருவுல அம்புட்டு என்ன கெடக்கு? சாக்கடையும் என் வெங்காயத் தோலும்தான்.”

ஜோஸ்பின் சிரித்துவிட்டாள்.

“பாருங்க, நல்லாப் பாருங்க. நான் ஒண்ணும் கேக்கல” என்று சைதூன் குனிந்துகொண்டாள். நாலு வெங்காயம் உரிப்பதற்குள் அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஆமா, சாப்டீகளா?”

“இன்னும் இல்லக்கா. செத்த நேரம் இங்கனயே நிக்கிறேன்.”