தக்கையில் குத்தாத முள்

தூண்டில் முள்ளைத் தக்கையில் குத்தி மூடாமல், தடியைத் தோளில் சாய்த்தபடி கெனடி வீதி பஸ்ஸில் நின்றேன்.

பஸ் குலுங்கியது. முள், பக்கத்தில் நின்ற அன்ரியின் சேலைத் தலைப்பில் ஏறியது.

"இழுக்காதையும் தம்பி! இது என்ர கல்யாணக் கூறைச் சேலை."

அசைத்தேன். முள் சரிகைக்குள் இன்னும் ஆழமாய்ப் போனது.

"அன்ரி, தூண்டில் தங்கூசி நூலைப் பல்லால கடிச்சு அறுக்கிறன்."

"நீர் கடிச்சு முடிக்க அங்க தாலி கட்டிப்போடுவாங்கள். தடியோட இறங்கி வாரும்."

இப்போது கல்யாண மண்டபத்தில், அன்ரிக்குப் பக்கத்துக் கதிரையில், தடியோடு இருக்கிறேன். கடித்தும் நூல் அறவில்லை. சமையலறையில் கத்தி இருக்கிறது.

"நல்ல நேரத்தில கூறையில கத்தி வைக்கிறதோ?" என்கிறார் அன்ரி.

வீடியோக்காரர் என்னை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டார்.

இதை வாசிப்பவர்களில், டோர்செட் பார்க் பக்கம் யாரிடமாவது முள்ளை வெட்டச் சின்னக் குறடு இருக்கிறதா? கொண்டுவருபவருக்குச் சாப்பாடும் உண்டு.