இன்னைக்கு யார் பாடு?

தம்பி மகள் மோனிஷா லீவுக்கு மீஞ்சூரிலிருந்து வந்துவிட்டால் என் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் எனக்கு இல்லை. ஆள் வராத மத்தியான நேரத்தில் ஏதாவது கேம் ஆடிக்கொண்டிருப்பாள். போன வாரம் ஆடியது வேறு மாதிரி இருந்தது. சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. ஒருத்தி பெட்டியோடு கடலோரத்துச் சின்ன ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். டீக்கடைக்காரியிடம் பேசுகிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், யாருடைய பூனையையோ தேடிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. பின்னால் தூக்கம் வருகிற மாதிரி ஒரு மியூசிக்.

"நீயும் ஆடிப் பாரு அத்தை. ரிலாக்ஸா இருக்கும். கஸ்டமர்கிட்ட கத்தறது கொறையும்."

நான் கத்துவது உண்மைதான். ஆதார் கார்டை நாலாக மடித்து, வேர்வையில் ஊறவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மூஞ்சி கருப்பா வுழுதே, உன் மிஷின் சரியில்ல" என்றால் கத்தாமல் கொஞ்சவா முடியும்? பொன்னேரியில் என் கடைக்கு 'சண்டைக்காரி கடை' என்று பெயர் இருப்பது எனக்கும் தெரியும். பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய் குறைவு, ஆனாலும் என்னிடம்தான் வருகிறார்கள். ஏன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். சரி, ரிலாக்ஸ் ஆகித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

ஆக முடியவில்லை. மீனவர்கள் ஊராம், ஒரு இடத்திலும் கருவாடு காயவில்லை. ஒரு காக்கா இல்லை. ஒரு நாய் கூட மீன் தலைக்கு அடித்துக்கொள்ளவில்லை. யாரைத் தட்டினாலும் சிரிக்கிறார்கள். அவர்கள் ஏதாவது கேட்டால் நாம் சொல்வதற்கு மூன்று பதில் கீழே வருகிறது. மூன்றுமே நல்ல பதில். எதைத் தொட்டாலும் அவர்களுக்குச் சந்தோஷம். இந்த ஊரில் எங்கள் அம்மா ஒரு நாள் குடியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தெருக்கோடியில் தண்ணீருக்குள் நீண்ட ஒரு மரப்பாலம். அதில் தொப்பி போட்ட ஒருவன் தூண்டிலோடு நிற்கிறான். பக்கத்தில் போனதும், தூண்டில் போட இங்கே அழுத்து என்று எழுத்து வந்தது. என் விரல் மௌஸில் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னைக்கு யாரு பாடு?" என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"பாடணுமா? இதுல பாட்டெல்லாம் கெடையாது அத்தை."

"பாட்டு இல்லடி, பாடு. இந்த எடம் இன்னைக்கு யாருது?"

"யாருதும் இல்ல. க்ளிக் பண்ணு, மீன் வரும்."

"அந்தத் தொப்பிக்காரன் இன்னா சொல்லுவான்?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சும்மா நிக்கிற ஆளு அவரு."

அவள் சிரித்தாள். பழவேற்காட்டு ஏரிக்காரன் பேத்திக்குப் பாடு தெரியவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் அப்பன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். உங்களுக்கும் தெரிந்திருக்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஏரி முழுக்க மீன் ஒரே மாதிரி இருக்காது. நல்ல இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தில் சுற்றுவலை கட்ட எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு உன் வீட்டு முறை, நாளைக்கு அடுத்தவன் முறை. அந்த முறைக்குப் பேர்தான் பாடு. உன் பாட்டில் வேறு எவனும், எவ்வளவு பெரிய கையானாலும், வலையோடு நுழைய முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் எதிரில் ஒரு பானையை வைத்து, யாருக்கு எப்போது என்று சீட்டுக் குலுக்குகிற மாதிரி எடுப்பார்கள்.

தண்ணீர் வடியும்போது எங்கள் ஏரிச் சேற்றுக்கு ஒரு வாடை உண்டு. பாசியும் அழுகின முட்டையும் சேர்ந்த மாதிரி. அந்த வாடை வந்தால் எனக்கு நைனாதான் ஞாபகம் வருவார், தொடை வரைக்கும் சேறு, மேலே சலவை வெள்ளைச் சட்டை. வலைக்குப் போகிற மனுஷனுக்குச் சட்டை எதற்கு என்று ஊரே கிண்டல் செய்யும். அவர் விடமாட்டார். ஒரு தடவை அதில் பொத்தான் அறுந்து தண்ணீரில் போய்விட்டது. அம்மா என் பழைய கவுனிலிருந்து ஒன்றை அறுத்துத் தைத்துவிட்டாள். பெரிய சிவப்புப் பொத்தான், நெஞ்சுக்கு நடுவில் நின்றது. அன்றைக்கே அவருக்குச் 'செவப்புப் பொத்தான்' என்று பெயர் விழுந்துவிட்டது. பானையில் ஒவ்வொரு வீடும் அவரவர் அடையாளமாக ஒரு சாமானைப் போடும். கிளிஞ்சல், கயிற்று முடிச்சு, வலைக் குண்டு என்று ஏதாவது. எழுதப் படிக்க வேண்டாம், பார்த்தாலே தெரியும். அந்த வருஷத்திலிருந்து நைனா அந்தப் பொத்தானை அறுத்துப் பானையில் போடுவார். எடுத்து முடிந்ததும் அம்மா திரும்பத் தைப்பாள்.

மஞ்சள் காமாலையில் நைனா செத்தார். அப்போது தம்பிக்கு ஏழு வயசு. அடுத்த மாசமே பானை வந்தது. பாடு கல்யாணம் ஆன ஆம்பிளைக்குத்தான். அது போனால் அம்மா பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவி இறால் பிடிக்க வேண்டியதுதான். கேவலமான வேலை இல்லை அது. ஏரியைச் சுற்றி எத்தனையோ பேர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு என்றைக்குமே பாடு கிடையாது. ஏன் கிடையாது என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் இரண்டு பிள்ளைக்கு அந்த இறால் பத்தாது.

பெண்கள் கோயில் எதிரில் வரக்கூடாது. தள்ளி நிற்க வேண்டும். அம்மா நைனாவின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"இன்னா மருமவளே இங்க?" என்றார் ஊர்ப் பெரியவர். சமாதானமான குரல்தான். "பையன் வளந்து கண்ணாலம் கட்டட்டும். பேரைச் சேத்துக்கலாம்."

"அதுவரைக்கும் இன்னாத்த திங்கறது மாமா? உன் மீசையவா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"பொம்பள போயி வல கட்டுவியா?"

"நான் ஏன் கட்றேன்? என் தம்பி கட்டுவான். இவரு செத்தாருனு சொன்னீங்க, சரி. பாடும் செத்துச்சுனு எவன் சொன்னது?"

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்க் கட்டுனு ஒண்ணு கீது. தெரியுமா உனக்கு?"

"தெரியுமே," என்றாள் அம்மா. சட்டையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பொத்தான் நூலைப் பல்லால் கடித்தாள். இரண்டு எட்டு வைத்துப் பானைக்குள் போட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது.

எங்கள் ஊர்க் கட்டில் இன்னொன்றும் உண்டு. பானைக்குள் விழுந்ததை எவனும் கைவிட்டு எடுக்கக் கூடாது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்வரை அது ஆத்தாளுடையது. அதை எடுத்தெறிய அங்கே ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. எல்லாரும் பானையைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்க்கவில்லை.

எங்கள் பொத்தான் கடைசியில் வந்தது. பெரியவருக்கு அதில் கொஞ்சம் திருப்தி. "கடேசினா இன்னா, பாடு பாடுதான்" என்று அம்மா பொத்தானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வலை கட்டினார். மடவை மீனும் இறாலும் வந்தன. நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம். ஊரில் எவரும் அம்மாவைத் தைரியசாலி என்று சொல்லவில்லை. 'அடங்காதது' என்றார்கள். இப்போது யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு எங்கேடா போயிருந்தீர்கள்?

தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் பாடு அவன் பேருக்கு வந்தது. வந்து என்ன? முகத்துவாரத்தை மணல் மூடுகிறது, தோண்டுகிறார்கள், மறுபடி மூடுகிறது. முன்பு நெஞ்சளவு இருந்த இடத்தில் இப்போது முழங்கால் நனைவதில்லை. தம்பி மீஞ்சூருக்குப் போனான், லாரி பிடித்தான். அம்மா மட்டும் வரமாட்டேன் என்று குப்பத்திலேயே இருக்கிறாள். வருஷா வருஷம் பானைக்குப் பொத்தான் கொடுத்தனுப்புவது அவள்தான்.

போன மாசம் பார்க்கப் போனேன். காலையில் கரையில் உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கு நம்ம பாடு" என்றாள். பார்த்தேன். எங்கள் இடத்தில் ஒரு வலை இல்லை, ஒரு கழி இல்லை. பெரியவரின் பேரன் படகில் அந்தப் பக்கமாக வந்தான். எங்கள் எல்லை வந்ததும் சுற்றிக்கொண்டு போகத் திரும்பினான்.

அம்மா எழுந்து நின்று கத்தினாள். "டேய், கட்டிக்கடா. என் பாடுதான், நான் சொல்றேன். கட்டிக்க."

"வேணாம் ஆயா," என்றான் அவன். "அது உங்க பாடு."

கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். சுற்றிக்கொண்டு போனான். அம்மா சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். எங்கள் தண்ணீரில் அன்றைக்கு ஒருத்தரும் இறங்கவில்லை.

"அத்தை, போடப் போறியா இல்லியா?" என்றாள் மோனிஷா. மௌஸை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவள் ஒரு க்ளிக் செய்தாள். உடனே மீன் வந்தது. தொப்பிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.