வெறும் வலையும் கணக்குத்தான்

கடலைப் பார்க்காமலே நண்டு எண்ணுகிறவன் நான். மொன்ட்ரியாலில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், கணினிக்கு முன்னால் என் வேலை. கிழக்குக் கரையோர வளைகுடாவில் பனி நண்டு என்கிற குளிர்கடல் நண்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அடுத்த பருவத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று எங்கள் குழு ஒவ்வொரு குளிர்காலமும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் தமிழ் ஆட்கள் முதலில் கேட்பது, "அப்ப வீட்டை நண்டு கொண்டு வாறனியோ?" என்றுதான். நான் கொண்டுவருவது தாள்.

அந்தத் தாள்கள் ஆய்வுக் கப்பலில் இருந்து வருபவை. கப்பல் வருடாவருடம் அதே இடங்களில் வலையை இழுக்கும். ஏறுகிற நண்டை எண்ணி, ஓட்டின் அகலத்தை அளந்து, ஓடு கடினமா மென்மையா என்று அழுத்திப் பார்த்து எழுதுவார்கள்.

என் அண்ணை கரையோர ஊர் ஒன்றில் நண்டு பதப்படுத்தும் தொழிற்சாலையில் பருவ வேலை செய்பவர். அண்ணியும் பிள்ளைகளும் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தார்கள்; பருவம் முடிந்தால் அவரும் அங்கே வந்துவிடுவார். அவர்களையும் தொழிற்சாலை ஊருக்கே கூட்டிப்போய்விட யோசித்து, ஜனவரியில் என்னைக் கேட்டார்.

"நண்டு எப்பிடி? நாலைஞ்சு வருசம் தாங்குமோ?"

"முடிவு வெளியில வரமுந்திச் சொல்லக்கூடாது" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அண்ணை என்னைக் கேட்டு எதையும் செய்கிறவர் இல்லை. அவரே கேட்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. பயப்பிடாமல் போங்கோ."

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, கப்பலில் தாள் எழுதுகிற பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். பல தாள்களில் நண்டுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. வலை கிழிந்திருக்கும் என்று நினைத்து அவற்றை எல்லாம் ஒதுக்கியிருந்தேன். இவ்வளவு கிழிசலா என்று கேட்கத்தான் எடுத்தேன். கிழிந்தால் கட்டத்தின் குறுக்கே கோடு போடுவோம் என்றாள் அவள். வெறும் கட்டம் என்றால் வலை நன்றாகத்தான் வந்தது, உள்ளே நண்டு ஒன்றும் இல்லை.

நண்டே இல்லாத இடங்களைக் கழித்துவிட்டு, இருந்த இடங்களுக்கு மட்டும் சராசரி எடுத்திருக்கிறேன். பூச்சியம் வாங்கிய பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பெருமையாகச் சொன்ன மாதிரி. அந்தத் தாள்களைச் சேர்த்துக் கணக்கிட்டதும், வரைபடத்தில் ஏறிக்கொண்டிருந்த கோடு இறங்கியது. நண்டு குறைந்தால் பிடிக்கும் அளவைக் குறைப்பார்கள். தொழிற்சாலையிலும் ஆட்களைக் குறைப்பார்கள்.

அன்று மாலையே குழுத் தலைவியிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. அறிக்கை இன்னும் போகவில்லை, அட்டவணையை மாற்றினோம், அலுவலகத்தில் விஷயம் முடிந்தது.

அண்ணைக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, அவர் கடைக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். புதன் பனிப்புயல். வியாழனுக்கு அப்படிச் சொல்ல ஒரு சாட்டுக்கூடக் கிடைக்கவில்லை. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. வெள்ளி மாலை பஸ் பிடித்து அண்ணை வீட்டுக்குப் போனேன்.

அண்ணை சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வெறும் கட்டம், கோடு, என் பிழை எல்லாவற்றையும் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எப்ப கண்டுபிடிச்சனி?"

"திங்கட்கிழமை."

"வீட்டை விடுறன் எண்டு வீட்டுக்காரனுக்குக் கடிதம் குடுத்தது வியாழக்கிழமை" என்றார் அண்ணை.