பத்தியம் முறித்த பிலோமினா

உச்சமுனைத் தீவிலிருந்து வந்த வள்ளம் கரையேறியபோது நான் லூசியாவுக்குப் பப்பாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். வள்ளத்துக்காரர் வேலியருகே வந்து நின்று, "ரீச்சர், கொஞ்சம் வெளியால வாங்க" என்றார். குழந்தைக்கு முன்னால் சொல்லத் தயங்குகிறார் என்று விளங்கியதுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். பிலோமினா காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் காய்ச்சலுக்குப் பயந்து அன்றைக்கே தீவிலேயே அடக்கமும் செய்துவிட்டார்களாம். நமக்கு முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை.

லூசியா அவளுடைய ஒரே மகள். இரண்டு வயது இப்போதுதான் தாண்டியது. தன் மாமியார் படுக்கையில் என்று கேள்விப்பட்டுத் தீவுக்குப் புறப்பட்ட அன்று, "அங்க காய்ச்சல் பரவுதாம் அக்கா, பிள்ளையைக் கொண்டுபோகப் பயமா இருக்கு" என்று என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போனாள். செய்தி வந்த நேரத்திலிருந்து அந்தக் குழந்தை சாப்பிடவும் கதைக்கவும் வாயைத் திறக்கவில்லை. யாரும் அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் அதைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். அதற்குத் தெரியாமல் இருக்குமா?

கண்டக்குழித் தாய்மாரே, நீங்கள் பிலோமினாவைக் கோயிலில் பாடக் கேட்டிருப்பீர்கள். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவளிடம் அரிவரி வகுப்பில் எழுத்துப் படித்திருப்பார்கள். அதே பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்பு என்னுடையது. என்னைவிட இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் சிரிப்பாள். நான் பயந்தவள் என்பது ஊருக்கே தெரியும். ஆகாயத்தில் குண்டு போடும் விமானத்தின் சத்தம் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னே மேசைக்குக் கீழே போவது நான்தான். ஆனால் என் மகன் சவிரிக்குக் காய்ச்சல் வந்த காலத்தில் நான் பட்ட பயம் வேறு. அவனுக்கு முன் பிறந்த தலைப்பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் நான்.

சவிரிக்கு அப்போது லூசியாவின் வயதுதான். காய்ச்சல் விட்டது, பத்தியம் விடவில்லை. முட்டை தின்றால் கிரந்திப் புண், மீன் தின்றால் வயிற்று மாந்தம், வாழைப்பழம் சளி, தேங்காய் பித்தம். என் கணவரின் தாயான மாமி ஒன்றைத் தடுத்தால் பக்கத்து வீட்டார் இன்னொன்றைத் தடுத்தார்கள். மிஞ்சியது உப்பில்லாத கஞ்சியும் மல்லித் தண்ணியும். கூப்பனுக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசியில் காய்ச்சிய அந்தக் கஞ்சிக்கு ஒரு மணம் இருக்கும், நீங்களும் அறிவீர்கள். கோப்பையைக் கண்டதுமே அவன் முகத்தைச் சுவருக்குத் திருப்பிவிடுவான். நான் கெஞ்சுவேன், மாமி மூக்கைப் பிடிப்பா, அவன் துப்புவான். ஊரில் எல்லோரும், "இவன் சரியான வாய்க்கள்ளன், ஒண்டும் பிடிக்காது" என்றார்கள். தொடை இரண்டும் வற்றி, முழங்கால்கள் மட்டும் தடித்துத் தெரிந்தன. குளிப்பாட்டும்போது அவன் விலா எலும்பைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிலோமினா என்னோடு வீட்டுக்கு வந்தாள். அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நேரே அடுப்படிக்குப் போய், குரக்கன் மாவைப் பிட்டாக அவித்து, பனங்கட்டியும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டு, அவித்த முட்டையின் மஞ்சள்கருவையும் சேர்த்துப் பிசைந்தாள். சுண்டங்காய் அளவில் உருட்டினாள். மாமி வாசலில் நின்று, "பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியா?" என்று கேட்டா. பிலோமினா உருண்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்தில் போய் அமர்ந்து, பூவரசம் இலையில் இரண்டு உருண்டையை வைத்து, ஒன்றைத் தானே தின்றாள். சவிரியைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கோழிக்குஞ்சுகளோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். அவன் நகர்ந்து நகர்ந்து வந்து மற்றதை எடுத்தான்.

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் விழுங்கினான். எனக்கு அழுகை வந்தது. "அக்கா, முகத்தை அங்கால திருப்புங்க. நீங்க இப்பிடிப் பார்த்தா அவன் நஞ்செண்டு நினைப்பான்" என்றாள் பிலோமினா.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஏதாவது கொண்டுவருவாள். பயறு அவித்துத் தேங்காய்ப்பூ தூவியது, மரவள்ளிக்கிழங்கை விரல் போல வெட்டிப் பாலில் அவித்தது, வாழைப்பழத் துண்டில் எள்ளுத்தூள் தொட்டது. எல்லாம் கொஞ்சம்தான். "நிறையக் கண்டா பிள்ளை பயப்படும். இன்னும் வேணும் எண்டு அதுதான் கேக்கவேணும்" என்பாள். வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடுவாள். அடுத்த நாள் அதையே வேறு வடிவத்தில் கொண்டுவருவாள்.

மீன் கொடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். கரைவலையில் சூடை மீன் நிறையப் பட்டிருந்தது. அவித்து, சதையைப் பிய்த்து, விரல்களுக்கு நடுவில் உரசி உரசிப் பார்த்தாள். அதோடு விடவில்லை. ஒவ்வொரு துண்டையும் தன் கீழ் உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தாள். விரலுக்குப் படாத முள் உதட்டுக்குப் படுமாம். அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். என் கையைவிட மோசமாக நடுங்கியது. "உனக்குப் பயமில்லை எண்டெல்லோ நினைச்சன்" என்றேன். "பயமில்லாமலா? நேற்றைக்கு நித்திரையே இல்லை. இவனுக்கு ஏதும் நடந்தா ஊர் என்னைத்தான் சொல்லும். அதுக்காகப் பட்டினி போடலாமா?" என்றாள்.

அன்று பொழுதுபட சவிரியின் உடம்பு சுட்டது. மாமி மாதாவின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதா. பிலோமினா ஓடிப்போகவில்லை. அவன் தலைமாட்டில் இருந்து, என் கையைப் பிடித்தபடி செபமாலை சொன்னாள். பயத்தில் மணிகளின் எண்ணிக்கை தவறித் திரும்பத் தொடங்கினாள். சூடு தணிந்து வேர்த்ததும் அவன் எழுந்து அமர்ந்து, "மீன்" என்றான். மாமிதான் எடுத்துக் கொடுத்தா. இன்றைக்கு அவன் பள்ளிக்கூட மதிலில் ஏறிக் குதிக்கிறான்; அதற்கும் நான் பயப்படுகிறேன்.

இப்போது நீங்கள் லூசியாவுக்குப் பத்தியம் வைக்கச் சொல்கிறீர்கள். தாயின் காய்ச்சல் பிள்ளைக்கும் இருக்கும், முட்டை கொடுக்காதே, மீனைக் காட்டாதே என்கிறீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. எனக்கும் அந்தப் பயம்தான். அவளுடைய நெற்றியை எத்தனை தடவை தொட்டேன் என்று எனக்கே தெரியாது. இது செத்துப்போனால் பிலோமினாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இன்று காலை குரக்கன் உருண்டை பிடித்தேன். மஞ்சள்கருவும் போட்டேன். லூசியாவுக்கு முன்னால் உருண்டையோடு இலையை வைத்துவிட்டு அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினேன். கண்ணீரில் அரிசியும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை.  பிறகு மெல்லும் சத்தம் கேட்டது. திரும்பினேன். உருண்டையைப் பிட்டுப் பாதியைத் தின்றிருந்தாள். மற்றப் பாதியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

"இது அம்மாவுக்கு" என்றாள்.

பிலோமினா, உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சமையல் பக்குவம் இல்லை. நடுங்கிக்கொண்டே கொடுப்பதற்கு ஒரு கை. அந்தக் கையை நீட்டினேன். லூசியா பாதி உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நான் அதை உன்னிடம் சேர்ப்பேன் என்ற நம்பிக்கையோடு, இன்னொன்று கேட்டாள்.