நோலாவின் போர்வைகளுக்குக் கரை தைத்தவர்

மெர்வ் ஹாட்ரில் ஆயுசு முழுக்க வேலி போட்டவர். யர்னாபி ஊரைச் சுற்றி எந்த ஆட்டுப் பண்ணைக்குப் போனாலும் அவர் இழுத்துக் கட்டிய கம்பி ஓடிக்கொண்டிருக்கும். ஊசியில் நூல் கோத்த பழக்கம் கிடையாது. சட்டையில் பித்தான் அறுந்தால் சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டே வேலைக்குப் போவார். அவரே வயதான காலத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார வேண்டி வந்தது.

அவர் மனைவி நோலா ஒட்டுப்போர்வை தைப்பவள். துண்டுத் துணிகளை நட்சத்திரமாகவும் கட்டமாகவும் சேர்த்து நடுப்பகுதியை அமர்க்களமாக முடித்துவிடுவாள். சுற்றிவரக் கரை வைக்க வேண்டும் என்று வரும்போது அலுத்துப்போகும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவாள். வெட்டியபோது மிஞ்சிய துணிக் கீற்றுகளை மட்டும் ஒன்றுவிடாமல் கோதுமைச் சாக்குகளில் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு மார்ச் மாதக் காலையில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். விமானத்தில் அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேச்சு திரும்பியது. தடி ஊன்றி நடக்குமளவுக்குக் காலும் திரும்பியது. வலது கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்த சில நாளில் நோலா பக்கத்துப் பண்ணை பெரில் ஷிர்மரை வரச் சொன்னாள். இருவரும் இளம் வயதிலிருந்தே ஒன்றாகத் தைத்தவர்கள்.

"அலமாரியில இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு பெரில். சாக்கையும் சேர்த்து. கண்ணு முன்னால இருக்கக் கூடாது."

பெரில் தயங்கித் தயங்கி ஒரு சாக்கை வாசல்வரை இழுத்துவிட்டாள். மெர்வ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அதை அங்கயே வை."

"நோலா சொல்றாளே, மெர்வ்."

"அவ சொல்லுவா. கரைதானே பாக்கி? நான் தைக்கிறேன்."

பெரிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளேயிருந்து நோலாவின் குரல் வந்தது. "அந்தக் கிழவன் மெஷினைத் தொட்டா மெஷின் செத்துப்போயிடும்!"

மெஷின் சாகவில்லை. முதல் வாரம் மெர்வின் ஆள்காட்டி விரலில்தான் ஊசி இறங்கியது. கீற்றுகளை ஒன்றோடொன்று சேர்த்து நீளமான பட்டையாக்கினார். அதைப் போர்வையின் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதைக் கத்தரித்துப் போட்டார். பெருமையாகக் கூடத்துத் தரையில் விரித்துக் காட்டினார். கரை நாலு பக்கமும் மேலும் கீழும் நெளிந்துகொண்டு கிடந்தது.

நோலா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது போர்வையா, கடலா?"

"இஸ்திரி போட்டா படிஞ்சிடும்."

"படியாது. ஓரம் எப்பவும் இழுபட்டுக் கிடக்கும், அதை நம்பித் தைக்கக் கூடாது. போர்வைக்கு நடுவுல குறுக்கால அளந்து, அந்த அளவுக்குக் கரையை முதல்லயே வெட்டிக்கணும். பிரி."

"முழுசுமா?"

"பின்ன, பாதியா?"

கெட்ட வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டே இரண்டு நாள் பிரித்தார். மறுபடி அளந்து தைத்தபோது கரை படிந்து உட்கார்ந்தது. நோலா பாராட்டவில்லை. மூலையில் தையல் கோணியிருப்பதைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் ஜூலைதான் குளிர்காலம்; அப்போது ஒரு மத்தியானம் அது நடந்தது. நீலமும் சாம்பலுமாக நட்சத்திரங்கள் வைத்த பெரிய போர்வை அது. நோலா தைத்ததிலேயே ஆகச் சிறந்தது. அதன் கரைக்கு மெர்வ் சாக்கிலிருந்து ஆரஞ்சுக் கீற்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணைக் குத்துது," என்றாள் நோலா.

"சாயங்காலம் மேற்கே பார்த்ததே இல்லையா நீ? நீலத்துப் பக்கத்துல ஆரஞ்சுதான் வரும்."

"எனக்குப் பாடம் எடுக்காத!" என்றவள் பக்கத்திலிருந்த குண்டூசிப் பெட்டியைத் தூக்கி எறிந்தாள். ஊசிகள் அறை முழுக்கச் சிதறின. பிறகு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுததில்லை. "அது என் வேலை, மெர்வ். என் கை செய்ய வேண்டிய வேலை."

"ஆமா," என்றார் மெர்வ். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து ஊசிகளைப் பொறுக்கினார். கொஞ்சம் கழித்து, "இடது கையாலதானே எறிஞ்ச? நல்லாவே எறிஞ்ச," என்றார்.

அழுகைக்கு நடுவே நோலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவளே இடது கையால் இஸ்திரிப் பலகையின்மேல் கீற்றுகளை எடுத்து அடுக்கினாள். குட்டையும் நெட்டையுமாக, ஆரஞ்சுக்கு இடையில் பழுப்பும் கொஞ்சம் வெள்ளையும். ஆரஞ்சை அவள் எடுத்துவிடவில்லை. அவள் அடுக்கிய வரிசைப்படி மெர்வ் தைத்தார். அதற்குப் பிறகு எல்லாக் கரையும் அப்படித்தான் நடந்தது.

அக்டோபரில் ஊர்க் கண்காட்சிக்கு அந்த நீலப் போர்வையை அனுப்பினார்கள். இருவர் பேரும் இருந்தால்தான் அனுப்புவேன் என்று நோலா பிடிவாதமாக நின்றாள். பரிசு கிடைக்கவில்லை. போர்வையில் நடுவர் குத்தியிருந்த சீட்டில், "நடுப்பகுதி மிக நேர்த்தி. கரையின் நிறம் அடங்கி வரவில்லை" என்று எழுதியிருந்தது.

மெர்வ் தோளைக் குலுக்கிவிட்டு, கண்காட்சிக்கு வந்திருந்த ஆட்டுக்கிடாக்களைப் பார்க்கக் கிளம்பினார். நோலா தடியை ஊன்றிக்கொண்டு நேராகத் தேநீர்க் கூடாரத்துக்குப் போனாள். நடுவர் அம்மாள் கேக்கை வாயில் வைக்கும் நேரம்.

"கொஞ்சம் வந்து, தள்ளி நின்னு பாருங்க. கிட்ட நின்னு பார்த்தா அந்த ஆரஞ்சு புரியாது."

அந்த அம்மாள் நல்லவர். தட்டை வைத்துவிட்டு வந்தார், தள்ளி நின்றார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனாலும் எனக்குப் பிடிக்கல," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் நோலா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"நீயுந்தானே கண்ணைக் குத்துதுன்ன?" என்றார் மெர்வ்.

"நான் சொல்லலாம். அவ யாரு சொல்றதுக்கு?"

மெர்வ் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். சிரித்தால் இன்னொரு சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும்.

அலமாரி காலியாகச் சில வருஷம் பிடித்தது. பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று போயிற்று. நீலப் போர்வையை யாருக்கும் கொடுக்கவில்லை. அது அவர்கள் கட்டிலில் கிடக்கிறது. பெரிலும் தன் வீட்டில் கரையில்லாமல் கிடந்தவற்றைக் கொண்டுவந்தாள். "என் பொண்டாட்டிக்கு மட்டுந்தான் தைப்பேன், ஊருக்கெல்லாம் இல்ல," என்று மெர்வ் சத்தம் போட்டார், பிறகு வாங்கி வைத்துக்கொண்டார்.

போன குளிர்காலத்தில் நோலா, சக்கரம்போல் உருண்டு துணி வெட்டும் உருளைக் கத்தியை இடது கையில் பிடித்துப் புதிதாக வெட்ட ஆரம்பித்தாள். துணியின்மேல் அளவுகோல் நகராமல் அழுத்திப் பிடிப்பது மெர்வின் வேலை. முதல் நட்சத்திரத்தைத் துண்டு துண்டாக மேஜையில் பரப்பியபோது முனைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றன.

"கோணலா இருக்கே," என்றார் மெர்வ்.

"தெரியும். தை."

மெர்வ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷின் விளக்கைப் போட்டார்.